விரல் எட்டும் தூரத்தில்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், உடல் வரம்புகளோடு இணைய விளையாட்டு ஆடுபவர்களுக்கு நிரல்படுத்தக்கூடிய விசைப்பலகை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று இரண்டு பத்தி மட்டும் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவற்றில் மருத்துவ விவரங்கள் இருப்பதால் எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி: பக்கவாதத்திற்குப் பிறகு என் இடக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே ஓரளவு சொன்னபடி கேட்கின்றன. வலக்கைக்குப் பழுதில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆடிய இணைய ரோல்பிளே விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஆசை. விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே விசைகளை மாற்றிக்கொள்ள முடிகிறதே, நிரல்படுத்தக்கூடிய விசைப்பலகை அதற்கு மேல் என்ன செய்துவிடும்?

பதில்: செட்டிங்ஸ் பக்கம் ஒரு விசைக்கு என்ன வேலை என்பதை மாற்றும், அந்த விசையை விரல் எப்படிக் கையாள வேண்டும் என்பதை மாற்றாது. முன்னால் நடக்க டபிள்யூ விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், அந்த வேலையை வேறு விசைக்கு மாற்றினாலும் பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். நிரல்படுத்தக்கூடிய விசைப்பலகையில் உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு சிறிய கணினிச் சில்லு இருக்கிறது. எந்த விசை, எப்போது, எந்த எண்ணைக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்ற அட்டவணையை நாமே திருத்தி எழுத அது இடம் தருகிறது. ஒருமுறை தட்டினால் பிடித்த நிலையிலேயே நிற்பது, மறுமுறை தட்டினால் விடுவது, ஷிஃப்ட்டைத் தட்டிவிட்டு விரலை எடுத்த பின் அடுத்து அழுத்தும் விசைக்கு மட்டும் அது செல்லுபடியாவது, ஒரே விசை வெவ்வேறு லேயரில், அதாவது ஒரே பலகையில் மாற்றி மாற்றி இயக்கும் தனித்தனி விசை அமைப்புகளில், வெவ்வேறு விசையாக நடந்துகொள்வது ஆகியவை எல்லாம் அந்த அட்டவணைக்குள் அடங்கும். கியூஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேர் (விசைப்பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஓடும் விசைப்பலகைகளில் இவை எல்லாவற்றுக்கும் இடமுண்டு. வியா, வயல் என்ற இரு கருவிகளில் ஒன்றை ஏற்கும் விசைப்பலகை என்றால், நிரல் ஒரு வரிகூட எழுதாமல், திரையில் தெரியும் விசைப்பலகைப் படத்தைச் சொடுக்கியே பெரும்பாலான மாற்றங்களைச் செய்துவிடலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். உங்களைப் போலவே ஒரு கை தளர்ந்த நண்பர் ஒருவர், தமக்கு முப்பது விசையாவது வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். அவர் பின்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, அழுத்திய ஒவ்வொரு விசைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கோடு நிறைய விழுந்தவை பதினொன்றுதான். மற்றவை அந்த அரை மணியில் ஓரிரு முறை தொடப்பட்டவை, அல்லது தொடப்படவே இல்லாதவை. தாளின் இன்னொரு பக்கத்தில், ஒவ்வொரு விசையும் தட்டப்படுகிறதா, பிடிக்கப்படுகிறதா, இன்னொன்றோடு சேர்த்து அழுத்தப்படுகிறதா என்று குறித்தேன். நிரல்படுத்தும் வேலையில் பாதி அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. பிடிக்கப்படுபவை எல்லாம், ஒரு தட்டலில் பிடித்த நிலையிலேயே நிற்கும் பூட்டும் விசைக்குப் போக வேண்டியவை. சேர்த்து அழுத்தப்படுபவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும்படி பிரிக்கப்பட வேண்டியவை.

உங்கள் கைக்கு வருவோம். மணிக்கட்டை நகர்த்தாமல் ஆள்காட்டி விரல் எட்டும் விசைகள் ஆறு என்று வைத்துக்கொள்வோம், கட்டைவிரலுக்கு இரண்டு. கட்டைவிரலில் ஒன்று இரண்டாம் லேயருக்கும் மற்றொன்று மூன்றாம் லேயருக்கும் அழைத்துச் சென்றால், ஆறு விசைகள் பதினெட்டு வேலை செய்யும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் மூன்றாம் லேயரில் என்ன இருக்கிறது என்று நடுச்சண்டையில் நினைவுக்கு வராது. இரண்டு லேயரோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. லேயர் விசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வகையாகவும் வைக்காதீர்கள். ஒருமுறை தட்டினால் அடுத்த ஓர் அழுத்தலுக்கு மட்டும் லேயர் மாறித் தானாகத் திரும்பும் வகை ஒன்று உண்டு, இரண்டு விரல் ஆட்டத்துக்கு அதுதான் பொருந்தும். மிச்சத்தை வலக்கை பார்த்துக்கொள்ளட்டும். கட்டைவிரல் பக்கம் பன்னிரண்டு பொத்தான்கள் உள்ள மவுஸ்கள் இந்த வகை விளையாட்டுகளுக்கென்றே வருகின்றன. விளையாட்டில் உங்கள் பாத்திரத்தின் திறன்களை ஏவும் விசைகளில் பெரும்பகுதியை அங்கே குடிவைத்துவிடலாம். காலால் மிதிக்கும் யூஎஸ்பி பெடலும் கணினியின் பார்வையில் இன்னொரு விசைப்பலகைதான் என்பதால், கால் நன்றாக இருந்தால் குதிப்பதையும் குரல் உரையாடலின் பேசும் பொத்தானையும் அதற்குத் தள்ளிவிடலாம்.

உரையாடல் பெட்டியில் எழுதுவதற்கென்று ஒரு தனி வழி இருக்கிறது. கியூஎம்கேயில் ‘கைமாற்று’ வசதியை இயக்கி ஒரு விசையை அதற்கு ஒதுக்கினால், அதைப் பிடித்திருக்கும் வரை விசைப்பலகையின் ஒரு பாதி கண்ணாடியில் தெரிவதுபோல மறு பாதியாக மாறிவிடும். வலக்கை மட்டுமே கொண்டு இடப்பக்க எழுத்துகளையும் அடிக்கலாம். இரு கையாலும் தட்டச்சு பழகியவர்களுக்கு இது வியப்பூட்டும் வேகத்தில் கைவரும், ஏனென்றால் எந்த விரல் எந்த எழுத்து என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான், பக்கம் மட்டுமே மாறுகிறது.

கேள்வி: இப்படி மாற்றியமைப்பது ஏமாற்று வேலை ஆகாதா? என் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான்கு ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. *(இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்.)*

பதில்: பயம் நியாயமானதே. ஒரே சொல்லில் பதில் கிடையாது, ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதை ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

ஒரு விசையின் வேலையை இன்னொரு விசைக்கு மாற்றுவதை நான் அறிந்த எந்தப் பெரிய விளையாட்டும் தடுப்பதில்லை. பிடிப்பதற்குப் பதிலாகத் தட்டி நிறுத்துவதும் பெரும்பாலும் சிக்கலில்லாதது. பல விளையாட்டுகள் அதைத் தம் செட்டிங்ஸிலேயே தருகின்றன, அப்படித் தந்திருந்தால் விசைப்பலகையில் செய்யாமல் அங்கேயே செய்துகொள்வது நல்லது. ஓர் அழுத்தலுக்குப் பல செயல்கள் வரிசையாக நிகழத் தொடங்கும்போது கோடு மங்கத் தொடங்குகிறது. இடையிடையே மில்லிநொடி கணக்கில் இடைவெளி வைத்து, நான்கு திறன்களைத் தானே ஏவும் மேக்ரோ, அதாவது முன்கூட்டியே பதிந்துவைத்த விசைத்தொடர், பல விளையாட்டுகளின் விதிகளில் வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒருமுறை தொடங்கினால் ஆளே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் மேக்ரோவைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அது ஆடுவது அல்ல. என் அளவுகோல் இதுதான்: எப்போது, எதை என்ற முடிவு ஒவ்வொரு முறையும் ஆடுபவரிடமிருந்து வர வேண்டும், அந்த முடிவை விரலிலிருந்து கணினிக்குக் கொண்டுபோகும் சிரமத்தை மட்டுமே விசைப்பலகை சுமக்க வேண்டும்.

இந்த அளவுகோலும் பிடிகொடுக்காத இடம் உண்டு. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் தன் விசைப்பலகைகளில் ஸ்னாப் டேப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. வூட்டிங் விசைப்பலகைகளிலும் அதே காலத்தில் அதையொத்த வசதி வந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இடப்பக்கம் ஓடுபவர் துல்லியமாகச் சுட வேண்டுமானால், இட விசையை விட்டு, வல விசையைக் கணநேரம் தட்டி, உடலை நிறுத்த வேண்டும். இரண்டும் ஒருங்கே அழுந்திவிட்டால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். விரல் முதல் விசையை விடாதபோதும், கடைசியாக அழுத்தியதையே கணக்கில் கொள்ளச் செய்வது இந்த வசதி. இரண்டாவது விசையை அழுத்துவது யார் என்றால் ஆடுபவர்தான். முதல் விசையை விடுவது யார் என்றால் கருவி. 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் அதிகாரப்பூர்வ சர்வர்களில் இத்தகைய தானியங்கி அசைவுகளைக் கண்டறிந்து ஆட்டக்காரரை அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. ஒரே விசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு அல்லது தாக்குதல் கட்டளைகளை விளையாட்டுக்குள்ளேயே கட்டிவைப்பதும் அத்தோடு செல்லாமல் போயிற்று.

தசை இறுக்கத்தால் விரலை உடனே எடுக்க முடியாதவருக்கு இது வெல்வதற்கான குறுக்குவழி அல்ல, மற்றவர்கள் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்கான வழி. ஆனால் சர்வருக்கு வந்து சேர்வது விசை அழுந்திய நேரமும் விட்ட நேரமும் மட்டுமே. அழுத்திய கை எப்படிப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. இந்த விதி உங்களுக்கு அநீதியாகப் பட்டால் நான் மறுக்க மாட்டேன். எனினும் அந்த விளையாட்டில், அந்தச் சர்வர்களில், அந்த வசதியை அணைத்துவைக்கத்தான் சொல்வேன். நண்பர்களோடு சேர்ந்து நடத்தும் தனிச் சர்வர்களில் நிலைமை வேறு. அங்கே உடன் ஆடுபவர்கள் ஒப்புக்கொண்டால் போதும்.

‘எங்கள் மேக்ரோவைக் கண்டுபிடிக்கவே முடியாது’ என்று விளம்பரப்படுத்தும் கருவிகளைப் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். ஃபர்ம்வேருக்குள் இருக்கும் மேக்ரோ கணினியில் எந்த மென்பொருளாகவும் ஓடாததால் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் அழுத்தல்களுக்கு இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தால் அது சர்வரிலேயே தெரிந்துவிடும். பிடிபடாதது வேறு, அனுமதிக்கப்பட்டது வேறு. நான்கு ஆண்டு உழைப்பு இருக்கிறது என்கிறீர்களே, விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதுங்கள்: எனக்கு இன்ன குறைபாடு, இந்தச் செயலுக்கு இந்த ஏற்பாடு, இதற்கு விதியில் இடமுண்டா என்று செயல் வாரியாகக் கேளுங்கள். ‘மேக்ரோ வைத்துக்கொள்ளலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘கூடாது’ என்ற பொதுவான பதில்தான் வரும். வந்த பதிலைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

விளையாட்டுகளே இந்த வேலையை ஏற்றுக்கொள்வது மெல்ல நடந்துவருகிறது. 2025 ஜூனில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஒற்றைப் பொத்தான் உதவியைக் கொண்டுவந்தது. ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அடுத்து ஏற்ற திறனை விளையாட்டே தேர்ந்தெடுக்கும், அதற்கு விலையாக ஒவ்வொரு திறனுக்கும் இடையிலான காத்திருப்பு சற்றுக் கூடும். என் அளவுகோலின்படி பார்த்தால் ‘எதை’ என்ற முடிவையே ஆடுபவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு கோட்டைத் தாண்டியது! ஆனால் விளையாட்டை உருவாக்கியவர்களே, எல்லாருக்கும் பொதுவாக, விலையையும் வெளிப்படையாகச் சொல்லித் தரும்போது அதை ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். வயது பதினான்கு. ஒரு விசையை அழுத்தப் போனால் கை நடுங்கி அதே விசை இரண்டு மூன்று முறை அழுந்துகிறது, பக்கத்து விசைகளும் சேர்ந்து விழுகின்றன. விண்டோஸில் உள்ள ஃபில்ட்டர் கீஸ் வசதியைப் போட்டால் தட்டச்சுக்கு நன்றாக இருக்கிறது, விளையாட்டில் எல்லாம் தாமதமாகிவிடுகிறது.

பதில்: தாமதமாவதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் வழியும் புலப்படும். ஃபில்ட்டர் கீஸுக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, குறிப்பிட்ட நேரம் பிடித்திருந்தால் மட்டுமே அழுத்தலை ஏற்பது, அதனால்தான் தாமதம். மற்றொன்று, முதல் அழுத்தலை ஏற்றுவிட்டு அதே விசையில் தொடர்ந்து விழும் தட்டல்களைச் சிறிது நேரம் புறக்கணிப்பது. உங்கள் மகனுக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவதை அணைத்துவிட்டு அதை மட்டும் வைத்துப் பாருங்கள். ஆனால் விண்டோஸில் அந்த இடைவெளி அரை நொடி அளவில் தொடங்குவதால், விளையாட்டுக்கு அதுவும் நீளம்தான்.

அதையே விசைப்பலகைக்குள் நுணுக்கமாகச் செய்யலாம். எல்லா விசைப்பலகையிலும் டிபவுன்ஸ் என்ற வடிகட்டல் உண்டு. உலோகத் தொடுபுள்ளிகள் ஒட்டும்போது ஏற்படும் மின்துள்ளலைப் பல அழுத்தல்களாக எண்ணாமல் இருக்க வைத்தது அது. கியூஎம்கேயில் அதன் இயல்பு அளவு 5 மில்லிநொடி. அந்த எண்ணை 60, 80, 100 என்று உயர்த்தினால், உலோகத்தின் துள்ளலுக்கு வைத்த வடிகட்டி விரலின் நடுக்கத்தையும் வடிகட்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: இயல்பாக இருப்பது, சமிக்ஞை அடங்கும் வரை காத்திருந்து அதன்பின் அறிவிக்கும் வகை, அதில் எண்ணை உயர்த்தினால் தாமதமும் அதே அளவு உயரும். ‘ஈகர்’ என்ற வகையைத் தேர்ந்தால், முதல் தொடுகையே உடனடியாக அறிவிக்கப்பட்டு, அதன்பின் குறித்த நேரத்துக்கு அந்த விசைக்கு மட்டும் காது மூடிக்கொள்ளும். விளையாட்டுக்கு உகந்தது இதுவே. இதற்கு ஃபர்ம்வேரைப் புதிதாகத் தொகுத்து ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், கணினி அறிந்த ஒருவரின் உதவியோடு ஒருமுறை செய்துவிடுங்கள்.

பக்கத்து விசைகள் விழுவதற்கு இதைவிட எளிய மருந்து இருக்கிறது. விளையாட்டு லேயரில் பயன்படாத விசைகளை எல்லாம் ஒன்றும் செய்யாதவையாக ஆக்கிவிடுங்கள். டபிள்யூ விசையைச் சுற்றியுள்ள கியூ, ஈ, 2, 3 நான்கும் செத்த விசைகளாக இருந்தால், கை எங்கே சறுக்கினாலும் கெடுதல் இல்லை. அல்லது அடுத்தடுத்த நான்கு விசைகளுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து ஒரு பெரிய விசையாக்கிவிடலாம். விசைக்கு நேராகத் துளையிட்ட பலகை, அதாவது கீகார்டு, விசைப்பலகையின் மேல் பொருந்தும். கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு துளை வழியே விரலை இறக்கலாம். மகன் அதை விரும்புவாரா என்று அவரிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள். சில பிள்ளைகளுக்கு அது பள்ளி உபகரணம்போல் தோன்றிப் பிடிப்பதில்லை.

கேள்வி: விசைக்கு விசை தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் வகையை வாங்குவதா, ரப்பர் தகட்டில் இயங்கும் மெம்பிரேன் போதுமா? மூட்டுவாதத்தால் விரல் வலிக்கிறது.

பதில்: பெயரைப் பார்க்காமல், அழுத்த எத்தனை கிராம் விசை வேண்டும் என்ற எண்ணைப் பாருங்கள். மெக்கானிக்கல் சுவிட்ச்களில் செர்ரி எம்எக்ஸ் ரெட் வகைக்கு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் வேண்டும், பிளாக் வகைக்கு 60. 35 கிராம் அளவில் அழுந்தும் சுவிட்ச்களும் கிடைக்கின்றன. காந்த உணரியால் இயங்கும் ஹால் எஃபெக்ட் சுவிட்ச்களில், எவ்வளவு ஆழம் இறங்கினால் அழுத்தலாகக் கொள்ள வேண்டும் என்பதையும் பொதுவாக 0.1 முதல் 4 மில்லிமீட்டர் வரை விசைக்கு விசை மாற்றலாம். உங்களுக்கு 0.5 அளவில் வைத்தால் தொட்டாலே போதும். நடுக்கம் உள்ளவர்களுக்கு நேர் எதிராக 3 மில்லிமீட்டர் அளவில் வைக்க வேண்டும். சுவிட்ச்களைச் சாலிடர் இல்லாமல் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் பலகையாக வாங்கினால், வலிக்கும் விரலுக்கு மட்டும் மெல்லிய சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: இடத்தை மிச்சப்படுத்த டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கு விசைகளிலும் ‘தட்டினால் ஒன்று, பிடித்தால் வேறு’ என்று வைத்தேன். இப்போது பாத்திரம் நின்று நின்று நகர்கிறது. விசைப்பலகை பழுதா?

பதில்: பழுதில்லை. நீங்கள் தட்டுகிறீர்களா, பிடிக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஃபர்ம்வேர் காத்திருந்தே ஆக வேண்டும். கியூஎம்கேயில் அந்தக் காத்திருப்பின் இயல்பு அளவு 200 மில்லிநொடி. கட்டுரை எழுதும்போது அது கண்ணுக்கே தெரியாது, ஓடும்போது தெரிகிறது. நகரும் விசைகளில் இந்த இரட்டை வேடம் கூடவே கூடாது. வரைபடம் திறப்பது, பையைத் திறப்பது போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று இரண்டு அடிப்படை லேயர்கள் வைத்து, இடையில் மாற ஓர் ஓரத்து விசையை ஒதுக்குவது பழக்கத்தில் இருப்பதுதான்.

கேள்வி: வேகமாகத் தட்டச்சு செய்ய முடியாததால், குழுவில் அடிக்கடி சொல்லும் சொற்களை மேக்ரோவாக ஏற்றிவைத்தேன். தமிழ் 99 இயங்கும்போது அவை குப்பையாக வருகின்றன; அதேபோலச் சில விளையாட்டுகளில் நகரும் விசைகளும் வேலை செய்வதில்லை.

பதில்: விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதே இல்லை, விசையின் இட எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த இடத்தில் எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் அப்போது இயங்கும் மொழி அமைப்பு. டபிள்யூ இருக்கும் இடத்தில் தமிழ் 99 அமைப்பு ‘ஈ’யை வைத்திருக்கிறது. இட எண்ணைப் படிக்கும் விளையாட்டுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை, எழுத்தைப் படிக்கும் விளையாட்டு குழம்பிவிடும். எனவே ஆடத் தொடங்கும்போது ஆங்கில அமைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். மாற்றும் குறுக்குவிசையையே லேயர் மாற்றும் மேக்ரோவோடு சேர்த்துவிடலாம். மேக்ரோவில் தமிழ்ச் சொல் வேண்டுமானால், திரையில் தோன்றும் எழுத்தை அல்ல, அதற்கு விரல் போகும் ஆங்கில விசைகளைப் பதிய வேண்டும். ‘வாங்க’ என்று வர, வி, கியூ, பி, எச் என்ற நான்கு விசைகளை அந்த வரிசையில் பதிந்து, தமிழ் 99 இயங்கும்போது அழுத்துங்கள்.

கேள்வி: என் விசைப்பலகையின் மேக்ரோக்கள் வீட்டுக் கணினியில் மட்டும்தான் ஓடுகின்றன. தோழியின் வீட்டில் இணைத்தால் சாதாரண விசைப்பலகை ஆகிவிடுகிறது.

பதில்: உங்களுடையது கணினியில் ஓடும் துணை மென்பொருளை நம்பியிருக்கும் வகை, அல்லது அதன் உள்நினைவகத்தில் நீங்கள் சேமிக்கவில்லை. மென்பொருளில் ‘ஆன்போர்டு மெமரி’ என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கியூஎம்கே வகையில் எல்லாம் விசைப்பலகைக்குள்ளேயே இருப்பதால், போகும் இடமெல்லாம் கூடவே வரும். தோழி மேக் வைத்திருந்தால் இன்னொரு செய்தி: விண்டோஸில் இரண்டு விசைப்பலகைகளை இணைத்தால், ஒன்றில் ஷிஃப்ட்டும் மற்றொன்றில் எழுத்தும் அழுத்தினாலும் சேர்ந்தே எடுத்துக்கொள்ளும், மேக்கில் தனி மென்பொருள் இல்லாமல் அப்படிச் சேராது. பெடலில் ஷிஃப்ட் வைத்திருப்பவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: தசைச் சிதைவு நோயால் என் தம்பியால் இப்போது இரு கட்டைவிரல்களையும் மிக மெல்ல அசைக்க மட்டுமே முடிகிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஆசையாக ஒரு நிரல்படுத்தக்கூடிய விசைப்பலகை வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைத் தொடுவதே இல்லை. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை, கை மாறிவிட்டது. வாங்கியபோது பொருந்திய ஏற்பாடு ஒன்றரை ஆண்டில் பொருந்தாமல் போவது இந்த நோயில் இயல்பு. விசைப்பலகை என்ற வடிவமே விரல்கள் ஒரு பரப்பில் இடம் மாறிச் செல்லும் என்ற எண்ணத்தில் உருவானது. விரல் இடம் மாற முடியாதபோது, விசையைத்தான் விரல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறம் 19 துளைகள், 3.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனி சுவிட்சைச் செருகி, ஒன்றைக் கட்டைவிரலுக்கடியிலும் ஒன்றைக் கன்னத்தருகிலும் ஒன்றைத் தலைசாய்க்கும் இடத்திலும் பொருத்தலாம். அது கணினியிலும் இயங்கும். சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது, ஆனால் அது பிளேஸ்டேஷன் 5க்கு உருவானது. வாயால் இயக்கும் குவாட்ஸ்டிக் என்ற கருவியில் ஊதுவதும் உறிஞ்சுவதும் பொத்தான் அழுத்தல்களாகின்றன.

பழைய விசைப்பலகையை எறிந்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் பலகையில் எந்த விசையின் இரு தொடுபுள்ளிகளிலிருந்தும் கம்பி இழுத்து, அதே 3.5 மில்லிமீட்டர் துளையைப் பொருத்தினால், தம்பிக்குப் பொருந்தும் எந்தச் சுவிட்சையும் அதில் செருகலாம். பூட்டும் விசை, லேயர் என்று நீங்கள் ஏற்கெனவே அமைத்த எல்லாம் அப்படியே வேலை செய்யும். சாலிடர் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை இது. எந்தச் சுவிட்ச், உடலின் எந்த இடத்தில் என்பதை மட்டும் அவருடைய தொழில்முறைச் சிகிச்சையாளரிடம், அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், கேட்டு முடிவு செய்யுங்கள். தவறான கோணத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அழுத்தினால் மிச்சமிருக்கும் அசைவும் சோர்ந்துவிடும். அமெரிக்காவின் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனின் ஸ்பெஷல் எஃபெக்ட் ஆகிய இரு தொண்டு அமைப்புகளும் இந்தத் துறையில் நெடுங்காலமாக இயங்குகின்றன. அவை வெளியிட்டிருக்கும் பொருத்தும் முறைகளையும் படங்களையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: விசைகளை மாற்றி மாற்றி, எது எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலைக்கு வந்துவிட்டேன். முதலிலிருந்து தொடங்குவதா?

பதில்: வேண்டாம். இப்போதிருக்கும் ஏற்பாட்டை முதலில் கோப்பாகச் சேமியுங்கள். வியாவிலும் வயலிலும் அதற்கு வசதி இருக்கிறது. கோப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு விசை மட்டும் மாற்றுங்கள், அதுவும் அந்த வாரம் உங்களுக்கு வலித்த விசையை, அல்லது எட்டாமல் போன விசையை. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் புதுத் தேதியில் இன்னொரு கோப்பு. விசைப்பலகையில் மறைந்திருக்கும் இரண்டாம் லேயரைத் தாளில் வரைந்து திரையின் கீழ் விளிம்பில் ஒட்டிவையுங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே ஆடுகிறீர்கள் என்று உணரும் வரை வேறெந்த விசையையும் தொடாதீர்கள்.